கொடும்பாளூர் காட்டும் வரலாறு

வரலாறு என்றதும் தஞ்சையும் மதுரையும் காஞ்சியுமே நம் நினைவிற்கு வருகின்றன. பேரரசுகளின் வரலாறு தலைநகரங்களில் மட்டும் உருவாவதன்று. சிற்றூர்களும் அதில் பங்கு கொண்டன. இதற்குச் சான்றாகப் புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூரைக் காட்ட விழைகின்றேன்.

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரை செல்லும் பெருவழியில், விராலிமலைக்கு அப்பால் உள்ளது இவ்வூர். இன்று சிற்றூர், அன்றோ வேளிர் தலைநகர். கோவலனும் கண்ணகியும் மதுரைக்குச் சென்ற வழியைக் கூறும் சிலப்பதிகாரம், கொடும்பையின் நெடுங்குளத்தைக் குறிப்பிட்டு, அங்கிருந்து சிவபெருமானின் சூலம் போல வழி மூன்றாகப் பிரியும் என்கிறது. சோழநாட்டையும் பாண்டிநாட்டையும் இணைக்கும் வழியைக் காத்து நின்றமையே இவ்வூரின் பெருமைக்குக் காரணம். இது போர்க்களமானதற்கும் அதுவே காரணம். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியன் ஒருவன் கொடும்பாளூரில் பெற்ற வெற்றியை வேள்விக்குடிச் செப்பேடு பேசுகிறது.

இங்கு ஆண்டவர்கள் இருக்குவேளிர். அடியாரை அமுது செய்விக்க நெல் திருடிய ஒருவரைத் தண்டியாமல், தம் நெற்களஞ்சியத்தையே அடியார்க்குத் திறந்துவிட்ட இடங்கழி நாயனார் இம்மரபினரே. பராந்தக சோழனின் மைந்தன் அரிகுலகேசரியை மணந்து, திருச்செந்துறையில் கற்கோயில் எழுப்பிய பூதி ஆதித்த பிடாரியும் இக்குலக்கொடியே. சோழர் எழுச்சிக்கு இவ்வேளிரின் வாளும் துணை நின்றது. மணவுறவும் துணை நின்றது.

இவர்களுள் பூதி விக்கிரமகேசரி எழுப்பியதே மூவர் கோயில். மேற்கு நோக்கி ஒரே வரிசையில் அமைந்த மூன்று விமானங்களுள் இரண்டே இன்று நிற்கின்றன. மூன்றாவதன் அடித்தளம் மட்டும் எஞ்சியுள்ளது. சுற்றிலும் இருந்த சிறு கோயில்களும் அடித்தளங்களாகவே காட்சியளிக்கின்றன. நடுக்கோயிலின் சுவரில் கிரந்த எழுத்தில் வடமொழிக் கல்வெட்டு ஒன்று உண்டு. அரசன் தன் பெயரிலும், தன் தேவியர் கற்றளி, வரகுணை ஆகியோர் பெயரிலும் மூன்று விமானங்களை எடுப்பித்தான் என்றும், மல்லிகார்ச்சுனர் என்னும் துறவிக்குப் பெரிய மடம் ஒன்றையும், 50 துறவியர்க்கு உணவளிக்க 11 ஊர்களையும் வழங்கினான் என்றும் அது கூறுகிறது.

இக்கல்வெட்டில் ஆண்டு இல்லை. பூதி பல்லவர் படையை வென்றான் என்பதைக் கொண்டு ஒன்பதாம் நூற்றாண்டினன் என்பர் சிலர்; வீரபாண்டியனை வென்றான் என்பதைக் கொண்டு சுந்தர சோழன் காலத்தவன், அதாவது பத்தாம் நூற்றாண்டினன் என்பர் வேறு சிலர். ஒரு கோயிலின் காலம் மட்டுமன்றி, சோழர் சிற்பக்கலை வளர்ந்த முறையும் இவ்வொரு வினாவின் விடையைச் சார்ந்துள்ளது. ஒரு கல்லின் சில வரிகள் எத்துணைப் பொருளைத் தாங்குகின்றன, பாருங்கள்!

அக்கல்வெட்டின் தொடக்கப் பகுதி சிதைந்துவிட்டது. அதனால் இம்மரபின் முதல் முன்னோனின் பெயர் நமக்குக் கிட்டாமற் போயிற்று. மாறாக, விமானங்களுள் ஒன்று வீழ்ந்தும், எழுத்து நிலைத்தமையால் இரு தேவியரின் பெயர்களும் நிலைத்தன. கட்டடம் அழிந்தாலும் எழுத்து பேசும். எழுத்தும் அழிந்தால் பேசுவதற்கு யாருளர்?

உங்கள் ஊர்க் கோயிலின் சுவரிலும், ஏரி மதகிலும், வயல் வரப்பிலும் எழுத்துப் பொறித்த கற்கள் இருக்கலாம். அவற்றின்மேல் சுண்ணாம்பு பூசுவதும், அவற்றைப் பெயர்த்துப் படிக்கல்லாக இடுவதும் முன்னோர் வாயை அடைப்பதாகும். அத்தகைய கல்லைக் கண்டால், அது கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, ஆசிரியரிடமோ தொல்லியல் துறையினரிடமோ தெரிவியுங்கள். கொடும்பாளூரில் இழந்த பெயரை இனி மீட்பது அரிது. உங்கள் ஊரில் எஞ்சியிருக்கும் பெயர்களைக் காப்பது உங்கள் கையில் உள்ளது.