கல்வெட்டுப் படியெடுப்பு

கல்லில் வெட்டிய எழுத்தைத் தாளில் ஒற்றியெடுத்து ஆவணமாக்கும் முறை. இவ்வாறு எடுத்த தாள் மைப்படி எனப்படும். இந்தியாவில் தொல்சின்னங்களைக் காக்கும் பணிகளுள் இதுவும் ஒன்று. கோபுரம் பழுதுபார்ப்பதைப் போலக் கண்ணுக்குத் தெரியும் வேலை அன்று என்பதால் அதிகம் பேசப்படுவதில்லை.

செய்முறை: கல்லை நீர்விட்டுத் துலக்கி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் அடிப்பர். தாள் எழுத்தின் பள்ளங்களுக்குள் இறங்கும். பின்னர் மையொற்றியால் ஒற்ற, மேடு கறுத்து எழுத்து வெண்மையாக நிற்கும். காய்ந்தபின் உரித்தெடுப்பர். காற்று வீசும் நாளில் இவ்வேலை எளிதன்று. பழகிய கைகளே செய்ய இயலும்.

வரலாறு: கல்லெழுத்தைக் காக்கும் எண்ணம் ஐரோப்பியரோடு வந்ததன்று. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி கற்றளிகளாகப் புதுப்பித்த சில கோயில்களில், பழைய சாசனங்கள் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. இது பழைய கல்லின் படி என்ற குறிப்பும் சில இடங்களில் உண்டு.

காலின் மெக்கன்சி (இ. 1821) தம் உதவியாளர்களைக் கொண்டு ஏராளமான சாசனங்களைக் கையால் எழுதச் செய்து பெற்றார். இந்தியத் தொல்லியல் துறை 1861இல் தோன்றியது.

சென்னை மாகாண அரசு 1886இல் ஜெர்மானியரான ஹுல்ஷைக் கல்வெட்டாய்வாளராக அமர்த்தியபின் பணி முறைப்பட்டது. மறு ஆண்டு முதல் ஆண்டறிக்கைகள் வெளிவந்தன. ஊர், கோயில், சுவரின் திசை, அரசன், ஆட்சியாண்டு என ஒவ்வொரு கல்வெட்டும் எண்ணிட்டுப் பதிவாயிற்று. ஆய்வாளர்கள் அவ்வெண்களை இன்றும் கையாள்கின்றனர். ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ முதல் தொகுதி 1890இல் அச்சேறியது. இரண்டாம் தொகுதி தஞ்சைப் பெரிய கோயிலுக்கு உரியது. தலபுராணம் கரிகாலனுக்கு உரிமையாக்கிய அக்கோயில் முதலாம் இராசராசன் எடுப்பித்தது என்பதைக் கல்வெட்டால் நிறுவியவர் ஹுல்ஷ் என்று தமிழ் நூல்கள் பெரும்பாலும் எழுதுகின்றன. தஞ்சையில் நீதிபதியாயிருந்த பர்னெல் அவருக்கு முன்பே இக்கல்வெட்டுகளில் கவனம் செலுத்தியவர். ஆகவே முதன்மை எவருக்கு என்பது கருத்து வேறுபாட்டுக்கு உரியது.

அந்த இரண்டாம் தொகுதி பொன்னையும் மணியையும் மட்டும் பட்டியலிடுவதன்று. கோயிலில் ஆடல்பணி செய்த நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும், அவர்கள் எக்கோயிலிலிருந்து வந்தவர்கள், எந்தச் சிறகில் (தெருவின் வரிசையில்) எத்தனையாம் வீட்டில் குடியிருந்தனர் என்பதும் அதில் உள்ளன. அவர்களுக்கு ஊதியமான ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். நட்டுவர், தையற்காரர், நாவிதர், துணிவெளுக்கும் ஈரங்கொல்லிகள் ஆகியோரும் விடுபடவில்லை. ஒரு விளக்கு நாள்தோறும் உழக்கு நெய்யில் எரிய 96 ஆடுகள் விடப்பட்டன. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய தெரு ஒன்றை வீடு வீடாக அறியக் கிடைப்பது அரிது. வேறெதற்காக இல்லாவிடினும் இதற்காக அத்தொகுதியைப் புரட்டலாம்.

ஹுல்ஷ் 1903இல் தாயகம் திரும்பினார். அவருடன் பணியாற்றிய வெங்கையா 1908இல் இந்திய அரசின் கல்வெட்டாய்வாளரானார். ஊர்ச்சபைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையைக் கூறும் உத்திரமேரூர்ச் சாசனங்கள் அறிஞர் கவனத்துக்கு வந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. பாண்டி நாட்டுக் குகைகளின் பிராமி எழுத்துகள் தமிழே என 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். அவ்வெழுத்துகளைப் பற்றிய ஐராவதம் மகாதேவனின் விரிவான நூல் 2003இல் வந்தது.

விடுதலைக்குப் பின்: தமிழ்நாட்டில் மாநிலத் தொல்லியல் துறை 1961இல் அமைந்தது. உதகையிலிருந்த நடுவண் அரசின் கல்வெட்டு அலுவலகம் 1966இல் மைசூருக்கு மாறியது. திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சும் சுண்ணாம்புப் பூச்சும் பல கல்வெட்டுகளை அழித்தன. அவற்றுள் சிலவற்றுக்குத் தாளில் உள்ள படியே எஞ்சிய சான்று. மைசூரில் இருந்த படிகளில் தமிழுக்குரியவை எத்தனை என்பதில் கணக்குகள் ஒத்துப்போவதில்லை. துண்டுகளைத் தனித்தனியே எண்ணுவதா என்பதைப் பொறுத்தும் தொகை மாறும். அவற்றைச் சென்னைக்கு மாற்ற உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 ஆகஸ்டில் ஆணையிட்டது. மின்னுருவாக்கமும் நடைபெறுகிறது.

ஆண்டறிக்கைகளில் சுருக்கமாகக் குறிக்கப்பட்ட கல்வெட்டுகள் பலவற்றின் முழுப் பாடம் இன்னும் அச்சாகவில்லை.