யாகூத்தியாவின் காடுகளும் உறைநிலமும்

ரஷ்யாவின் வடகிழக்கில் ஏறத்தாழ 30 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துள்ள சாகா குடியரசு, யாகூத்தியா என்ற பெயராலேயே பரவலாக அறியப்படுகிறது. இதன் நிலம் அநேகமாக முழுவதும் உறைநிலமாகும். குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து 0 பாகை செல்சியசிலோ அதற்குக் கீழோ இருக்கும் மண்ணையும் பாறையையும் இச்சொல் குறிக்கும். யாகூத்ஸ்க் நகரில் ரஷ்ய-அமெரிக்க நிறுமத்தின் அலுவலரான ஃபியோதர் ஷெர்கின் 1828ஆம் ஆண்டில் தண்ணீருக்காகத் தோண்டத் தொடங்கிய கிணறு, 116 மீட்டர் ஆழம் சென்ற பின்னும் உறைந்த மண்ணைக் கடக்கவில்லை.

கோடையில் உருகிக் குளிர்காலத்தில் மீண்டும் உறையும் மேல்மண் இயங்கு அடுக்கு எனப்படும். மழை குறைந்த இப்பகுதியில், உறைநிலம் நீரைக் கீழே இறங்கவிடாமல் தாங்குவதாலேயே லார்ச் மரங்கள் இவ்வடுக்கில் வேரோடி வளர முடிகிறது. மரநிழலும், தரையில் ஒரு சாண் கனத்துக்குப் படிந்துள்ள பாசியும் மட்கிய சருகும் கோடை வெப்பம் அடியிலுள்ள பனிக்கட்டியை எட்டாமல் காக்கின்றன. காட்டுத்தீயில் மரம் கருகுவதைவிட இந்தப் பாசிப்படலம் எரிந்துபோவதே பெரிய இழப்பு எனலாம். கரி படிந்த வெற்றுத்தரை வெயிலை நேரடியாக ஈர்க்க, இயங்கு அடுக்கு ஆண்டுக்கு ஆண்டு ஆழமாகிறது. யெதோமா எனப்படும் பனிக்கட்டி மிகுந்த வண்டல் படிவுகளில் இவ்வாறு உருகல் நேரும்போது தரை அமிழ்ந்து குளமாகிறது. பல்லாயிரம் ஆண்டுகளில் இயல்பாக உருவான இத்தகைய தாழ்நிலங்களை அலாஸ் என்றழைக்கும் சாகா மக்கள், அவற்றின் புல்வெளிகளில் மாடும் குதிரையும் வளர்த்து வந்துள்ளனர். இன்றைய உருகலோ வயலையும் வீட்டின் அடித்தளத்தையும் குலைக்கிறது.

குளிர்காலத்தில் பூச்சியத்துக்குக் கீழ் 67 பாகையையும் தொட்டுள்ள வெர்கோயான்ஸ்க் நகரில் 2020 ஜூன் 20 அன்று 38 பாகை வெப்பம் பதிவாயிற்று. மறு ஆண்டில் யாகூத்தியாவில் 80 லட்சம் எக்டேருக்கு மேல் எரிந்து, புகை வடதுருவம் வரை சென்றது. உலகின் வடபகுதி உறைநிலங்களில் அடங்கிய கரிமம் ஏறத்தாழ 1.5 லட்சம் கோடி டன், அதாவது வளிமண்டலத்தில் உள்ளதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு என்பதால், உருகலில் வெளியேறும் கரியமில வாயுவும் மீத்தேனும் இப்பகுதியோடு நின்றுவிடுவதில்லை.

பதகாய் ஊருக்கு அருகிலுள்ள பெரும்பள்ளம், 1960களையொட்டிக் காட்டை வெட்டியபின் ஏற்பட்ட சிறு ஓடையரிப்பிலிருந்து தொடங்கி, இன்று ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அகலத்துக்குப் பெருகியுள்ளது. அதன் சுவர்களில் சுமார் 6.5 லட்சம் ஆண்டுப் பழமையான உறைநிலம் வெளிப்பட்டு உருகுகிறது. எனினும், அணைக்கும் செலவு சேதத்தின் மதிப்பை விஞ்சுமானால் தொலைவிடத் தீயை எரியவிடலாம் என 2015ஆம் ஆண்டின் ரஷ்ய விதி இசைவளித்தது. தரைக்கடியில் உருகும் பனிக்கட்டியைச் சேர்க்காத சேதக் கணக்கு, யாகூத்தியாவைப் பொறுத்தவரை பாதிக் கணக்கே.