போர்ஷே 911 காற்றுக் குளிர்விப்புப் பொறியின் மறுசீரமைப்பு

போர்ஷே 911 பொறி மறுசீரமைப்பு என்பது, செருமனியின் போர்ஷே நிறுவனம் 1964 முதல் 1998 வரை 911 வகைத் தானுந்துகளில் பயன்படுத்திய காற்றுக் குளிர்விப்புப் பொறியை முழுமையாகக் கழற்றி, அளந்து, தேய்ந்த உறுப்புகளை மாற்றி மீண்டும் பூட்டும் பணியாகும். பெரும்பாலும் பொறியின் ஆற்றலைக் கூட்டும் மாற்றங்களும் இதனுடன் செய்யப்படுகின்றன.

அமைப்பு

இதன் ஆறு சிலிண்டர்களும் பக்கத்திற்கு மூன்றாக எதிரெதிரே கிடைமட்டமாக அமைந்துள்ளன. ஒவ்வொரு சிலிண்டரும் அதன் தலைப்பகுதியும் தனித்தனி வார்ப்புகளாகும். விசிறி தள்ளும் காற்றும் எண்ணெயுமே வெப்பத்தை அகற்றுகின்றன. எண்ணெய் பொறிக்கு வெளியே தனித் தொட்டியில் இருப்பதால், தொட்டி, குழாய்கள், எண்ணெய்க் குளிர்விப்பி ஆகியவற்றையும் கழுவுதல் இன்றியமையாதது. பழைய பொறி உதிர்த்த உலோகத் துகள்கள் அவற்றில் தங்கியிருப்பின் புதிய பேரிங்குகள் விரைவிலேயே பழுதடையும்.

பலவீனங்கள்

1964 இல் 1991 க.செ.மீ. கொள்ளளவுடன் 130 குதிரைத்திறன் தந்த இப்பொறி, 1973 இல் 2687 க.செ.மீ. ஆக வளர்ந்தது. 1960களின் இறுதியில் எடை குறைக்க மக்னீசியக் கலப்புலோகத்துக்கு மாற்றப்பட்ட கிராங்க் உறை, இந்த 2.7 லிட்டர் பொறியின் வெப்பத்தைத் தாங்கத் தடுமாறியது. சூடாகும்போது அலுமினியத் தலைப்பகுதியும் சிலிண்டரும் எஃகு போல்ட்டுகளைவிடக் கூடுதலாக விரிவடைகின்றன. அந்த இழுவிசையில் மென்மையான மக்னீசியத்தின் திருகுப்புரி பிய்ந்து, போல்ட்டுகள் தளர்ந்துவிடும். அமெரிக்கச் சந்தைக்காகப் புகைபோக்கியில் வெப்ப வினைகலன் பொருத்தப்பட்ட வண்டிகளில் இது மேலும் அதிகம். துளைகளில் எஃகுப் புரிச் செருகிகளைப் பதிப்பதே இதற்குரிய தீர்வு. இதைச் செய்யாமல் புதிய பிஸ்டன் போடுவது வீண் செலவு. 1978 இல் வந்த 3.0 லிட்டர் எஸ்.சி. வகையின் உறை அலுமினியத்தால் ஆனது.

சங்கிலி இழுப்பி மற்றொரு குறை. அது செயலிழந்தால் சங்கிலி பல் தாண்டி, வால்வுகள் பிஸ்டனில் மோதும். 1984 ஆம் ஆண்டு கரேரா 3.2 இல் அறிமுகமான, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் இழுப்பியைப் பழைய பொறிகளிலும் பொருத்தலாம்.

மேம்படுத்தல்

3.0 லிட்டர் பொறியின் 95 மி.மீ. சிலிண்டர்களுக்குப் பதில் 98 மி.மீ. சிலிண்டர்களைப் பொருத்தினால், 70.4 மி.மீ. வீச்சு மாறாமலேயே கொள்ளளவு 2994 இலிருந்து 3186 க.செ.மீ. ஆகும். அமுக்க விகிதத்தை மிகவும் உயர்த்தினால், அகன்ற எரி அறையில் தீ பரவி முடியுமுன் எரிபொருள் தானாக வெடிக்கும் ஆபத்து உண்டு. ஆகவே சிலிண்டருக்கு இரண்டு தீப்பொறிச் செருகிகள் வைக்கப்படுகின்றன. 1989 இல் வெளிவந்த 964 வகையில் நிறுவனமே இம்முறையைக் கையாண்டது.

பூட்டுதல்

உறையின் இரு பாதிகளுக்கிடையே கேஸ்கட் கிடையாது, அடைப்புப் பசை மட்டுமே. கேம் தண்டுகளின் நேரத்தை இடம், வலம் தனித்தனியே டயல் அளவியால் சரிபார்க்க வேண்டும். குளிர்ந்த நிலையில் வால்வு இடைவெளி 0.1 மி.மீ.; முதல் சில நூறு கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பின் இது மீண்டும் அளக்கப்படுகிறது.