பத்துக்குப் பத்து - ஒரு நகராட்சித் தேர்தல் கணக்கு

வங்கிக்காரனுக்கு மார்ச் என்றால் இயர் எண்டிங். இந்த ஊர்க்காரர்களுக்கு மார்ச் என்றால் தண்ணீர் முறை. 2022 மார்ச்சில் இந்த இரண்டோடு மூன்றாவதாக நகராட்சித் தேர்தலும் சேர்ந்துகொண்டது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே தள்ளிப் போட்டேன். ஆபீஸில் ஆணி கொஞ்சம் குறைந்திருக்கிறது, இன்று எழுதிவிடுகிறேன்.

புதிதாக வருபவர்களுக்கு: ஊர் ஈரோடு, படித்தது பி.காம்., பிழைப்பது வங்கியில். 2021ல் போர்ட்பிளேருக்கு மாற்றலாகி வந்தேன். இரண்டு வருஷம் என்றார்கள். நீட்டிக் கேட்டு வாங்கிக்கொண்டு இன்னும் இங்கேயே இருக்கிறேன். (2024 செப்டம்பரில் ஊர்ப் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். தேர்தல் நடந்தபோது போர்ட்பிளேர்தான் என்பதால் இங்கே அப்படியே எழுதுகிறேன். ராஜேந்திர சோழனின் கப்பற்படையை நினைவில் வைத்து, அவன் 1025 வாக்கில் படையெடுத்து அடித்த நாட்டின் பெயரை ஊருக்கு வைத்த வினோதத்தைத் தனியாக ஒரு நாள் பேசலாம்.)

முதலில் முடிவு. 2022 மார்ச் 6 ஓட்டுப்பதிவு, 8ஆம் தேதி எண்ணிக்கை. மொத்தம் 24 வார்டு. காங்கிரஸ் 10. பாரதிய ஜனதா 10. தெலுங்கு தேசம் 2. தி.மு.க. 1. சுயேச்சை 1.

எங்கள் கிளையில் அன்று கூட்டம் இல்லை. டிபாசிட் புதுப்பிக்க வந்த ஒரு பெரியவர் கவுண்டரில் நின்றபடியே சலான் பின்பக்கத்தில் இந்த ஐந்து எண்களையும் எழுதிக் கூட்டிக் காட்டினார். பெரும்பான்மைக்கு 13 வேண்டும். தேர்தலில் காங்கிரசும் தெலுங்கு தேசமும் கூட்டு, சேர்த்தால் 12. சரி, தெலுங்கு தேசம் அந்தப் பக்கம் தாவினால்? அதுவும் 12. இரண்டு பக்கமும் சரியாகப் பாதியில் நிற்கும். மிச்சம் ஒரு தி.மு.க., ஒரு சுயேச்சை. ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டு மேலே போவோமே, அந்த மாதிரி. ஊரின் ஆட்சி முழுக்க சஸ்பென்ஸ் கணக்கில் உட்கார்ந்திருந்தது.

நம் ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். தி.மு.க.வுக்கும் தெலுங்கு தேசத்துக்கும் நடுக்கடலில் என்ன வேலை? எனக்கும் வந்தது. பதில் கப்பலில் இருக்கிறது. இந்தத் தீவுக்கு மெயின்லேண்டிலிருந்து (இங்கே இந்தியாவின் மற்ற பகுதிக்கு எல்லா மொழியிலும் அதுதான் பெயர்) கப்பல் வருவது மூன்று துறைமுகத்திலிருந்து: கொல்கத்தா, விசாகப்பட்டினம், சென்னை. மூன்றுமே ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். கடல் சொன்னபடி கேட்டால் மூன்று நாள். மூன்று துறைமுகம், மூன்று மொழி. 1949லிருந்து கிழக்கு வங்காள அகதிகளைக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். ஆந்திரக் கடற்கரையிலிருந்து மீனவர்களும் கூலிக்காரர்களும் வந்தார்கள். ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கமிருந்து நம் ஆட்கள் வேலை தேடி வந்தார்கள். 1964ல் சிரிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்களே, அதில் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்களில் சிலவற்றை நிக்கோபாரில் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். இவர்களுக்கு முன்னாலேயே மாப்பிளைமார், ராஞ்சிக்காரர்கள், பர்மாவின் கரேன் மக்கள் இருந்தார்கள். இவர்கள் எல்லோருக்கும் முன்னால் கைதிகளின் வாரிசுகள். அவர்களை ‘லோக்கல்’ என்பார்கள்.

2011 கணக்கெடுப்பில் தீவுகளின் தாய்மொழிக் கணக்கு: வங்காளம் சுமார் 28 சதவீதம், இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13. தெருவில் எல்லோரும் பேசுவது இலக்கணம் பார்க்காத ஒரு அந்தமான் இந்தி. இன்னொரு விசேஷம், இங்கே பட்டியல் சாதி என்று ஒரு பட்டியலே கிடையாது. பழங்குடியினர் பட்டியல் மட்டும்தான். அதனால் நம் ஊரில் வேட்பாளரின் சாதியைக் கூட்டிக் கழித்துப் பார்க்கும் வேலை இங்கே மொழியைக் கூட்டிக் கழிப்பதாக மாறியிருக்கிறது. இது நல்லதா கெட்டதா என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் சண்டையின் சத்தம் குறைவு என்பது நான் பார்த்தது.

சரி, இந்த ஓட்டு இவர்களுக்கு எப்போது வந்தது? இதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

1858 மார்ச் 10ஆம் தேதி (மறுபடியும் மார்ச்!) டாக்டர் ஜே.பி. வாக்கர் 200 கைதிகளோடு வந்து இறங்கினார். அன்றிலிருந்து இது ஜெயில் ஊர். செல்லுலார் ஜெயில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது 1906ல்தான் கட்டி முடிந்தது. அதற்கு முன் ஐம்பது வருஷம் தீவே ஜெயில்தான். தண்டனையில் ஒரு பகுதி கழித்தவனுக்கு நிலம் கொடுத்துக் கல்யாணம் செய்துகொள்ள விடுவார்கள். அப்படி உண்டான கிராமங்கள் நிறைய. ஆனால் ஊர்த் தலைவரை அரசுதான் நியமிக்கும். 1942 மார்ச் 23 முதல் 1945 வரை ஜப்பான்காரர்கள். அப்போதும் கேள்வி கேட்க வழியில்லை.

சுதந்திரம் வந்தது. 1952ல் நாடெல்லாம் வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொண்டது. அந்தமானில் கிடையாது! இந்தத் தீவுகளின் மக்களவை உறுப்பினரைக் குடியரசுத் தலைவர் நியமித்தார். முதல் ஆள் நிக்கோபாரின் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன். நல்ல மனிதர், நிக்கோபாரி மக்கள் இன்றும் கும்பிடுகிற பெயர். ஆனாலும் நியமனம் நியமனம்தானே. 1957, 1962 இரண்டிலும் அதே கதை. 1967ல்தான் இங்கே மக்கள் முதன்முதலாகத் தங்கள் எம்.பி.யை ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். ஜெயித்தவர் காங்கிரசின் கே.ஆர். கணேஷ். பின்னாளில் இந்திரா காந்தி அமைச்சரவையில் நிதித்துறை இணை அமைச்சராக இருந்தவர். (நமக்கும் ஒரு வகையில் பழைய மேலதிகாரி.)

நகராட்சி மன்றம் 1957லேயே வந்துவிட்டது. எம்.பி. நியமனமாக இருந்த காலத்திலேயே ஊர்க் குப்பைக்கும் தெரு விளக்குக்கும் ஒரு மன்றம். பிறகு 74வது அரசியல் சட்டத் திருத்தம் 1993ல் அமலுக்கு வந்ததும், அடுத்த வருஷம் புது நகராட்சிச் சட்டம். அதைக்கூட இங்கே சட்டம் என்று சொல்வதில்லை, ஒழுங்குவிதி. ஏனென்றால் இங்கே சட்டசபை கிடையாது. 240வது பிரிவின்படி குடியரசுத் தலைவர் பெயரில் ஒழுங்குவிதி வரும். முதலமைச்சர் இல்லை, எம்.எல்.ஏ. இல்லை. மேலே துணைநிலை ஆளுநர், டில்லியில் ஒரே ஒரு எம்.பி., கிராமங்களுக்குப் பஞ்சாயத்து, இந்த ஊருக்கு இந்த 24 பேர். மொத்த யூனியன் பிரதேசத்துக்கும் ஒரே ஒரு நகராட்சி.

நம் ஊரில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் கவுன்சிலர், எம்.எல்.ஏ., மந்திரி என்று படிப்படியாகத் திட்டிக்கொண்டே போகலாம். இங்கே கவுன்சிலரைத் திட்டியாகிவிட்டால் அடுத்த படி கவர்னர் மாளிகை. அதனால்தான் ஒரு வார்டு தேர்தலுக்கு சட்டமன்றத் தேர்தல் மாதிரி ஜீப், மைக், நாலு மொழியில் நோட்டீஸ்.

தண்ணீர் என்று சொன்னேன். வருஷத்துக்கு 300 சென்டிமீட்டர் மழை பெய்யும் ஊர். கோபிச்செட்டிபாளையத்துக்காரன் கேட்டால் மயக்கம் போட்டுவிடுவான். ஆனால் பெய்வதெல்லாம் கடலுக்கு. ஊருக்கு முக்கிய ஆதாரம் 1970களில் கட்டிய தனிக்காரி அணை. ஜனவரியோடு மழை நின்றால் அணை இறங்க ஆரம்பிக்கும். மார்ச்சில் மூன்று நாளைக்கு ஒரு முறை, ஏப்ரலில் வானம் கண்ணைத் திறக்காவிட்டால் இன்னும் இழுக்கும். ஒவ்வொரு வீட்டு மாடியிலும் நாலைந்து கறுப்பு சின்டெக்ஸ். பெண் கொடுக்கும்போது டேங்க் எத்தனை என்று கேட்பார்களாம் (இது என் வீட்டுக்காரம்மா சொன்னது, உத்தரவாதம் இல்லை).

வீட்டுக்காரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபத்தைந்து வயது. அப்பா 1950களில் முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து மரம் வெட்டும் வேலைக்கு வந்தவர். அந்த அம்மா பிறந்தது இங்கே. சென்னையை மொத்தம் இரண்டு தடவை பார்த்திருக்கிறார், இரண்டும் ஆஸ்பத்திரிக்காக. 2022 தேர்தலுக்குப் பத்து நாள் முன்னால் தண்ணீர் வரவில்லை என்று நான் படியில் நின்று புலம்பினேன். அந்த அம்மா அரிசி புடைத்துக்கொண்டே நிமிராமல் கேட்டார்:

"தம்பி, உங்களுக்கு ஓட்டு எங்க இருக்கு?"

"ஈரோட்டுலங்க."

"அப்ப ஈரோட்டுத் தண்ணியப் பத்திப் பேசுங்க. இங்கத்தி தண்ணிய நாங்க பேசிக்கிறோம்."

கோபமாகச் சொல்லவில்லை. விலை சொல்வது மாதிரிச் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. இந்த ஊரில் என்னைப் போல ட்ரங்க் பெட்டியோடு வந்து போகிறவர்கள் ஏராளம்: வங்கி, ராணுவம், கடற்படை, மத்திய அரசு. எங்களுக்குத் தண்ணீர் வேண்டும், ரோடு வேண்டும், குப்பை வண்டி வேண்டும். ஓட்டு மட்டும் எங்கேயோ. மார்ச் 6ஆம் தேதி அந்த அம்மா காலை ஏழரைக்கே புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினார். நான் மாடியில் நின்று பார்த்தேன்.

ஈரோட்டுக்காரன் இப்படி இருந்தது இன்னும் கேவலம். ஏனென்றால் எங்கள் ஊர் நகராட்சிக்குத் தலைவராக இருந்தவர் பெரியார். சேலத்துக்கு ராஜாஜி. இருவருக்கும் பழக்கம் வந்தது அந்த நகராட்சிக் காலத்தில்தான், முதல் உலகப்போர் முடிகிற சமயம். ஈரோட்டுக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்த பெருமையைப் பெரியாருக்குத்தான் ஊரில் கொடுப்பார்கள். நாட்டையே கலக்கிய இரண்டு பேர் ஆரம்பித்தது சாக்கடையிலும் குழாயிலும்.

அந்த 10-10 என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இங்கே நகராட்சித் தலைவர் பதவி ஒரு வருஷத்துக்குத்தான். கவுன்சிலர்கள் கூடி வருஷாவருஷம் தேர்ந்தெடுக்க வேண்டும். 2023 மார்ச் 14ஆம் தேதி தெலுங்கு தேசத்தின் எஸ். செல்வி தலைவரானார். 24ல் 14 ஓட்டு. ஆதரவு கொடுத்தது பாரதிய ஜனதா! பத்தும் இரண்டும் பன்னிரண்டு, அதற்கும் மேலே இரண்டு. ஜே.பி. நட்டா ட்விட்டரில் வாழ்த்து சொன்னார்.

இதில் என்ன சுவாரஸ்யம் என்றால், அப்போது ஆந்திராவில் இந்த இரண்டு கட்சிக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. 2018 மார்ச்சில் சந்திரபாபு நாயுடு தேசிய ஜனநாயகக் கூட்டணியை விட்டு வெளியே போனவர். திரும்பி வந்தது 2024 மார்ச்சில். அதாவது டில்லியில் கை குலுக்குவதற்கு ஒரு வருஷம் முன்னால், இரண்டே கவுன்சிலர்களை வைத்துக்கொண்டு நடுக்கடலில் ஒத்திகை பார்த்துவிட்டார்கள். மெயின்லேண்ட் டி.வி.க்காரர்கள் ஒரு நாள் அதை ஓட்டினார்கள், மறுநாள் மறந்துவிட்டார்கள். தமிழ்ப் பெயர் மாதிரித் தெரிகிற ஒருவர், தெலுங்குக் கட்சி, இந்திக்காரக் கட்சியின் ஆதரவு. பெயரைப் பார்த்து மொழியையும் மொழியைப் பார்த்துக் கட்சியையும் சொல்வது இந்த ஊரில் செல்லாது.

ஒரு வருஷப் பதவி என்றதும் எனக்கு உத்திரமேரூர்தான் ஞாபகம் வந்தது. பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 921ஆம் வருஷம் வாக்கில். முப்பது குடும்பு, குடவோலை, அதெல்லாம் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அங்கேயும் வாரியப் பதவி 360 நாள்தான். ஆனால் எனக்குப் பிடித்தது வேறு விதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. அவனோடு முடியாது, அவன் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் வரைக்கும் பெயரை ஓலையில் எழுதக் கூடாது. ஆடிட்டர் யாரோ எழுதிய விதி! ஆனால் நிலமும் சொந்த மனையில் வீடும் இருந்தால்தான் பெயர் எழுத முடியும் என்பதும் அதே கல்வெட்டில் உண்டு. வாடகை வீட்டில் சின்டெக்ஸ் எண்ணிக்கொண்டிருக்கும் என்னை அந்த ஊரில் பக்கத்திலேயே விட்டிருக்க மாட்டார்கள்.

ஒரு வருஷத்தில் ஒரு தலைவர் என்ன செய்துவிட முடியும் என்று கிளையில் ஒரு தடவை வாதம் நடந்தது. பைலைப் படித்து முடிப்பதற்குள் பதவி முடிந்துவிடும் என்றார் வங்காளி நண்பர். என் கட்சியும் அதுவே. குழாய் போட டெண்டர் விட்டு வேலை முடிய ஒரு வருஷம் போதாது. கிளை மேனேஜரையே மூன்று வருஷத்துக்குத்தான் மாற்றுகிறோம். டெபுடி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பத்துக்குப் பத்தாக இருக்கும் ஊரில் முறை வைத்துக்கொள்வதுதான் நியாயம், தண்ணீருக்கு வைக்கவில்லையா என்றார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

வாக்காளர் பட்டியலில் பெயரை இந்த ஊருக்கு மாற்றச் சொல்லும் விண்ணப்பத்தைப் போன வாரம்தான் பூர்த்தி செய்தேன். ஈரோட்டு முகவரியை எழுதி, இனி அங்கே என் பெயர் இருக்காது என்று தெரிந்தே கையெழுத்துப் போட வேண்டும். ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போடுகிற வேலை எனக்கு. இந்த ஒன்றுக்கு இரண்டு நாள் ஆனது. அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். "அப்ப நீ வரவே மாட்டியா?" என்றார். அப்படியில்லைம்மா, இது சும்மா தண்ணிக்கு என்றேன். நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

வீட்டுக்காரம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இன்று எங்கள் தெருவுக்கு முறை, மோட்டார் போடப் போக வேண்டும். மற்றவை பிறகு.