ஜீப்புக்கு எந்த ஆயில்? ஒரு பித்தளை வளையத்தின் கதை

இந்த எபிசோடை என் தப்பு ஒண்ணை ஒத்துக்கிட்டுத் தொடங்குறேன்.

கீழ்பென்னாத்தூரில் எங்க பெரியப்பாவிடம் ஒரு பழைய மஹிந்திரா எம்எம்540 ஜீப் இருக்கிறது. அரசு ஏலத்தில் எடுத்தது. மல்லாட்டை மூட்டை, உர மூட்டை, கல்யாண சீர்வரிசை எல்லாமே அதில்தான் போகும். போன வருஷம் பொங்கலுக்குப் போனபோது, "இந்த முறை ஆயில் நான் மாத்துறேன் பெரியப்பா"ன்னு சொன்னேன். ஆன்லைனில் தேடி, விலை அதிகமான சிந்தெடிக் கியர் ஆயிலாக வாங்கினேன். டப்பாவில் 'ஜிஎல்-5' என்று இருந்தது. பெரியப்பா எப்போதும் ஊற்றியது ஜிஎல்-4. நாலை விட அஞ்சு பெரிசுதானே? புது வெர்ஷன் பழையது செய்த எல்லாத்தையும் செய்யும்னு நம்புற ஆள் நான்.

ஆடி மாசம் போன் வந்தது. "ரெண்டாவது கியர் போட்டா கரகரன்னு கத்துதுப்பா."

ஊர் மெக்கானிக் அண்ணன் பழைய ஆயிலை இறக்கி, விரலில் தேய்த்து வெயிலில் காட்டினார். பொன் நிறத்தில் மினுமினுத்தது. "தங்கம் இல்ல தம்பி, பித்தளை. ரிங் ஏற்கெனவே தேஞ்சதுதான். நீ ஊத்துனது அதை வேகமாக்கிடுச்சு. கிரவுனுக்குப் போடுறதை கியர்பாக்ஸ்ல ஊத்திட்ட."

ஒரே மாதிரி வாசம் அடிக்கிற ரெண்டு எண்ணெய்க்குள்ள அப்படி என்ன வித்தியாசம்? அதைத் தேடப்போய்த்தான் இந்த எபிசோட்.

நம்ம ஊரில் இது மாட்டுவண்டியில் தொடங்குகிறது. அச்சுக்கு வண்டி மை போடுவார்கள். ஆமணக்கெண்ணெய் கெட்டியாக இருக்கும், உலோகத்தில் நன்றாக ஒட்டும். ஐரோப்பாவின் பழைய விமான எஞ்சின்களிலும் அதே எண்ணெய் ஓடியது. 1909-ல் சந்தைக்கு வந்த 'காஸ்ட்ரால்' என்ற பெயரே 'காஸ்டர்' என்ற ஆமணக்கிலிருந்து வந்ததுதான்.

அடுத்து எண்கள். 1911-ல் அமெரிக்காவின் எஸ்ஏஈ அமைப்பு எண்ணெயை அதன் தடிமனை வைத்து வகைப்படுத்தியது. இன்று டப்பாவில் 15டபிள்யூ-40 என்று பார்க்கிறோமே, அதில் 'டபிள்யூ' என்றால் குளிர்காலம். 15டபிள்யூ எண்ணெயை மைனஸ் 20 டிகிரியில் சோதிக்கிறார்கள். கீழ்பென்னாத்தூரில் மார்கழிப் பனிக்கே ஸ்வெட்டர் தேடுவோம். மைனஸுக்கு எங்கே போவது? நமக்கு முக்கியம் பின்னால் இருக்கும் 40. எண்ணெய் 100 டிகிரி சூட்டில் எவ்வளவு தடிமனாக நிற்கிறது என்பதை அது சொல்கிறது.

இதில் ஒரு குழப்பம் உண்டு. கியர் ஆயிலில் 90 என்று இருப்பதால் அது 40-ஐ விட இரண்டு மடங்கு கெட்டி என்று நினைப்போம். இல்லை. இரண்டுக்கும் அளவுகோல் வேறு. 100 டிகிரியில் 90 கியர் ஆயிலும் 40 எஞ்சின் ஆயிலும் கிட்டத்தட்ட ஒரே தடிமன்தான். ஆனால் உள்ளே கலந்திருக்கும் மருந்து வேறு.

அந்த மருந்து ஏன் வந்தது? 1926-ல் பேக்கார்ட் கார்களில் ஹைபாய்டு கியர் வந்தது. கிரவுனின் நடுமையத்துக்குக் கீழே பினியனை இறக்கி வைத்தார்கள். அதனால் வண்டியின் உடம்பைத் தாழ்வாக அமைக்க முடிந்தது. ஆனால் பற்கள் உருள்வதோடு நிற்காமல் பலமாக உரசிக்கொண்டே நழுவின. அந்த அழுத்தத்தில் சாதா எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். எனவே கந்தகம், பாஸ்பரஸ் கலந்தார்கள். சூடேறும்போது அவை இரும்போடு வினைபுரிந்து, மேலே ஒரு மெல்லிய காப்புப் படலம் கட்டும். ஜிஎல்-5-ல் இந்த மருந்து ஜிஎல்-4-ஐப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஜீப்பின் கிரவுனுக்கு அது கட்டாயம் வேணும்.

பழைய கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சிங்க்ரோ வளையமோ பித்தளை. இரும்பைக் காக்கும் கந்தகம் பித்தளையை அரிக்கக்கூடும். அதோடு, சிங்க்ரோ உராய்வால்தான் வேலை செய்யும். எண்ணெய் ரொம்ப வழுக்கினால் பல் சேரும்போது கத்தும். ஆக, அஞ்சு என்பது நாலின் அடுத்த வெர்ஷன் இல்லை. அது வேறு வேலைக்கான வேறு எண்ணெய்.

எஞ்சின் பக்கமும் ஒரு கதை உண்டு. "ஆயில் ஊத்தி ஒரு வாரத்துல கறுத்துப் போச்சு, கலப்படம்"னு பெரியப்பா திட்டுவார். 1930-களில் கேட்டர்பில்லர் டீசல் டிராக்டர்களில் கரி படிந்து பிஸ்டன் ரிங்குகள் ஒட்டிக்கொண்டன. கரியைக் கழுவி எண்ணெயிலேயே மிதக்கவைக்கும் சோப்பு போன்ற மருந்தைச் சேர்த்துத்தான் அதைச் சரிசெய்தார்கள். டீசல் எஞ்சினில் ஆயில் கறுப்பது அது வேலை செய்கிறது என்பதன் அடையாளம். இந்த ஜீப்பில் இருப்பதும் பூஜோ வடிவமைத்த 2112 சிசி டீசல்தான். கரிக்குப் பஞ்சமே இல்லை.

1947-ல் மஹிந்திரா வில்லிஸ் ஜீப்பை இங்கே கொண்டுவந்தபோது, நம் சந்தையில் எண்ணெய் விற்றவை பெரும்பாலும் பர்மா ஷெல் மாதிரி வெளிநாட்டுக் கம்பெனிகள். 1969-ல் மணலி சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது. 1972-ல் இந்தியன் ஆயிலின் சர்வோ வந்தது. ஊர்க் கடையில் தொங்கும் அந்த டப்பாவுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

கியர்பாக்ஸைப் பிரித்து வளையம் மாற்றினோம். செலவு என்னுடையது. பெரியப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அதிகம் உறுத்தியது. கிளம்பும்போது பார்த்தேன், பானெட்டின் உள்பக்கம் வெள்ளை பெயிண்டில் எழுதிவைத்திருந்தார்: 'கியர்பாக்ஸ் 4. கிரவுன் 5.'

"உனக்காகத்தான் எழுதுனேன்"ன்னு சிரிச்சார். "எனக்குப் பிறகு நீதானே ஓட்டணும்."

உங்க வீட்டிலும் பழைய வண்டி இருந்தால், முதலில் அதன் மேனுவலைத் தேடுங்க. அப்புறம் அதை இத்தனை நாள் ஓட்டியவரிடம் கேளுங்க. விலையைப் பார்க்கிறது கடைசியில்தான்.