பாஸ்கா திரி

பாஸ்கா திரி என்பது கிறிஸ்து உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய இரவில், பாஸ்கா திருவிழிப்பின்போது ஏற்றப்படும் பெரிய மெழுகுதிரி. இதன் சுடர் சாவை வென்று எழுந்த கிறிஸ்துவைக் குறிக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையிலும், ஆங்கிலிக்கன், லூத்தரன் சபைகள் பலவற்றிலும் இது வழக்கில் உள்ளது.

விவிலியப் பின்னணி

தொடக்கநூலின்படி கடவுள் முதல் நாளில் உண்டாக்கியது ஒளி. எகிப்திலிருந்து வெளியேறிய இஸ்ரயேலருக்கு இரவில் வழிகாட்டியது நெருப்புத் தூண். பாஸ்கா திரி அதை நினைவூட்டுகிறது. யோவான் நற்செய்தியில் இயேசு தம்மை உலகின் ஒளி என அறிவிக்கிறார். அவர் சிலுவையில் தொங்கியபோது நண்பகல் முதல் பிற்பகல் 3 மணி வரை இருள் சூழ்ந்ததாக மத்தேயு, மாற்கு, லூக்கா எழுதுகின்றனர்.

ஆனால் விவிலியத்தில் இருள் பாவத்துக்கும் சாவுக்கும் மட்டும் உரியதன்று. சீனாய் மலையில் மோசே கடவுளை அணுகியது கார்முகிலின் இருளுக்குள்தான். இஸ்ரயேலர் அடிமைத்தளையிலிருந்து புறப்பட்டதும் இரவிலேயே. எனவே பாஸ்கா இரவு அஞ்சி ஒதுங்கும் பொழுதன்று. மீட்பை விழித்திருந்து எதிர்கொள்ளும் பொழுது.

ஏற்றும் முறை

புனித சனியன்று இருட்டிய பின்னரே வழிபாடு தொடங்க வேண்டும். ஆலய விளக்குகள் அணைந்திருக்க, வெளியே மூட்டிய புதுநெருப்பு மந்திரிக்கப்படுகிறது. குரு திரியில் சிலுவை வரைகிறார். அதன் மேலே அல்பா, கீழே ஒமேகா என்னும் கிரேக்க எழுத்துகளையும், நான்கு மூலைகளில் அந்த ஆண்டின் நான்கு இலக்கங்களையும் பொறிக்கிறார். சிலுவை வடிவில் பதிக்கப்படும் 5 சாம்பிராணி மணிகள் இயேசுவின் ஐந்து திருக்காயங்களைக் குறிக்கும்.

புதுநெருப்பில் ஏற்றிய திரியைத் திருத்தொண்டர் ஏந்தி, மூன்று இடங்களில் நின்று உயர்த்திப் பாடுகிறார். மக்கள் கைத்திரிகளுக்கு அதிலிருந்தே நெருப்பு பெற்று, அருகிலிருப்போருக்குக் கொடுக்கின்றனர். பிறகு பாஸ்கா புகழுரை பாடப்படுகிறது. அந்த இரவையும், மெழுகைத் தந்த தேனீக்களையும் அது போற்றுகிறது.

வரலாறு

மாலையில் விளக்கேற்றி வழிபடும் பழைய வழக்கத்தோடு இது தொடர்புடையது. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேம் சென்ற திருப்பயணி எகேரியா, கல்லறைக் குகையில் இரவும் பகலும் எரிந்த விளக்கிலிருந்து மாலை வழிபாட்டுக்கு நெருப்பு எடுக்கப்பட்டதைப் பதிவு செய்துள்ளார். மெழுகுதிரியைப் புகழ்ந்து தாம் இயற்றிய வரிகளைப் புனித அகுஸ்தீனார் ‘கடவுளின் நகரம்’ நூலில் குறிப்பிடுகிறார்.

இடைக்காலத் தென் இத்தாலியில் புகழுரை தோல் சுருள்களில் எழுதப்பட்டது. பல சுருள்களில் படங்கள் எழுத்துக்குத் தலைகீழாக இருக்கும். திருத்தொண்டர் பாடப்பாட, மேடையின் முன்புறம் தொங்கவிடப்படும் சுருளில் படங்கள் மக்களுக்கு நேராகத் தெரிந்தன.

காலப்போக்கில் திருவிழிப்பு சனிக்கிழமை காலைக்கு நகர்ந்துவிட்டது. பட்டப்பகலில் ஏற்றிய திரியால் இரவைப் போற்றும் பாடலின் பொருளை உணர்த்த முடியவில்லை. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1951இல் சோதனை முறையாகத் திருவிழிப்பை மீண்டும் இரவுக்குக் கொண்டுவந்தார். 1955இல் வெளியான புனித வாரச் சீர்திருத்தம் அதை உறுதிசெய்தது. இருள் இல்லாமல் இந்த அடையாளம் பேசாது என்பதைத் திருச்சபை அதன்மூலம் ஏற்றுக்கொண்டது. திரி உண்மையான மெழுகாலானதாகவும், ஆண்டுதோறும் புதியதாகவும், ஒன்றே ஒன்றாகவும் இருக்க வேண்டும் என 1988ஆம் ஆண்டின் வத்திக்கான் சுற்றுமடல் வலியுறுத்துகிறது.

பிற பயன்பாடுகள்

திரி தூய ஆவியார் பெருவிழா வரை பீடத்தருகே நிற்கும். பின்னர் திருமுழுக்குத் தொட்டியருகே வைக்கப்படும். திருமுழுக்கில் குழந்தைக்கான சிறு திரி இதிலிருந்து ஏற்றப்படுகிறது. அடக்கத் திருப்பலியில் சவப்பெட்டியருகே இதே திரி எரிகிறது. திருமுழுக்கில் கிறிஸ்துவோடு இணைந்தவர் சாவிலும் அவரோடு உயிர்த்தெழுவார் என்ற நம்பிக்கையை இவ்வழக்கம் அறிக்கையிடுகிறது.