சிலிகோன் இறுக்கும் மலிவு உலோக வினையூக்கிகள்

சிலிகோன் பசையைத் திடமாக்கும் வினைகளில் பிளாட்டினத்துக்கு மாற்றாகப் பயன்படும் அல்லது ஆராயப்படும் இரும்பு, கோபால்ட், நிக்கல், வெள்ளீயம் போன்ற விலை குறைந்த உலோகங்களின் சேர்மங்கள். இவற்றுள் வெள்ளீயம் நெடுங்காலமாகவே புழக்கத்தில் உள்ளது. அறையின் ஈரத்தில் இறுகும் பல சிலிகோன்களில் அதன் கரிமச் சேர்மமே வேலை செய்கிறது.

சிலிக்கன்-ஹைட்ரஜன் பிணைப்பை இரட்டைப் பிணைப்பில் சேர்க்கும் ஹைட்ரோசிலைலேற்றம் என்னும் மற்றோர் இறுகும் முறையில் பிளாட்டினமே கோலோச்சுகிறது. பத்து லட்சத்தில் சில பங்கு போதும். ஆனால் அது இறுகிய பொருளுக்குள்ளேயே தங்கிவிடும், திரும்பக் கிடைக்காது. கந்தகமும் அதற்குப் பகை. ரப்பர் பாலில் செய்த கையுறையை அணிந்து பல் அச்சுப் பசையைப் பிசைந்தால், கையுறையில் எஞ்சிய கந்தகச் சேர்மம் பிளாட்டினத்தைப் பிடித்துக்கொள்ளும். பசை இறுகாமல் பிசுபிசுக்கும்.

2012இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பால் சிரிக் குழு, மொமென்டிவ் நிறுவனத்துடன் சேர்ந்து, ஹைட்ரோசிலைலேற்றத்துக்கான, தேர்ந்து வினைபுரியும் இரும்பு வினையூக்கியை வெளியிட்டது. விலை அதன் பலம். காற்றுபட்டால் கெடும் இயல்பு, ஆலைக்கு வருமுன் தாண்டவேண்டிய பெரிய தடை.